முழங்கை சொன்னது

எதிரணியின் ருக்கையா அடித்த பந்து மலரின் தாடையில் பட்டபோது, அதை வீசிய தாமரையின் வலது கால் தரையில் இன்னும் சரியாக ஊன்றியிருக்கவில்லை. அவ்வளவு வேகம். மட்டையில் பட்ட சத்தம் ஒன்று, எலும்பில் பட்ட சத்தம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே மூச்சுவிட நேரமில்லை. மலர் கத்தவில்லை. கையுறையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, கீழே விழுந்த எதையோ தேடுகிறவள் போல மெல்ல மண்டியிட்டாள். பிறகுதான் கையுறைக்கு அடியிலிருந்து ரத்தம் ஒழுகியது.

ஸ்ரீ கெம்பாங்கான் நகரில் நடந்த பெண்கள் சாப்ட்பால் ஆட்டம் அது. தாமரை கிள்ளான் அணியில் பந்து வீசும் பிட்ச்சர். வாரநாட்களில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, வாரக்கடைசியில் பந்து. பள்ளிக்கூட நாட்களிலிருந்தே அவள் வீசினால், அவளுக்கு வலப்பக்கம் தள்ளி தர்ட் பேஸில் மலர்தான் நிற்பாள். மலர் இல்லாத ஆட்டம் எதையும் தாமரைக்கு நினைவில்லை.

தாமரைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அவளுடைய மெதுபந்துதான். கையைச் சுழற்றுவதைப் பார்த்தால் வேகப்பந்து என்றே தோன்றும். ஆனால் உள்ளங்கைக்குள் ஆழமாக அமுக்கிப் பிடித்த பந்து, கையை விட்டதும் சோம்பலாக மிதந்து வரும். வேகத்தை எதிர்பார்த்த பேட்டர், பந்து வந்து சேருமுன்பே மட்டையைச் சுழற்றி முடித்துவிட்டு அசடு வழிவாள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

அன்று ருக்கையா அவசரப்படவில்லை. பந்து வரட்டும் என்று இடுப்பைப் பின்னுக்கு இழுத்து, தோளைத் திருப்பி, நிதானமாகக் காத்திருந்தாள். என்ன வரப்போகிறது என்று தெரிந்தவள்தான் அப்படிக் காத்திருப்பாள். ஆம்புலன்ஸ் வந்து மலரை ஏற்றிக்கொண்டு போன பிறகு, திடலோரப் புல்லில் உட்கார்ந்திருந்த தாமரைக்கு அது உறைத்தது. ருக்கையா மட்டுமில்லை. அன்று எதிரணியில் ஆடிய எல்லாருமே மெதுபந்துக்குக் காத்திருந்தார்கள்.

பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் கார்த்திகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகக்கூண்டைக் கழற்றக்கூட மறந்திருந்தாள்.

"என்ன பந்து போடணும்னு நான் காட்டுற சைகைய திருடுறாங்கன்னு நினைச்சேன். ரெண்டு தடவை மாத்திட்டேன். அப்பவும் தெரியுது அவளுங்களுக்கு."

"அப்ப எப்படி?"

"உன்கிட்டேருந்துதான் தெரியுது. எங்கன்னு எனக்குத் தெரியல லா."

தாமரை தன் இரு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அடுத்த நாட்களில் அவளுக்குத் தன் உடம்பின் மீதே நம்பிக்கை போயிற்று. கிள்ளானிலிருந்து வேலைக்குப் போகும் கொமியூட்டர் ரயிலில் கம்பியைப் பிடித்து நிற்கையில், எதிரே நிற்பவர்கள் தன் கையைப் பார்க்கிறார்களோ என்று விரல்களை மாற்றி மாற்றிப் பிடித்தாள். கடை முதலாளி ராஜன் அங்கிள் சும்மாதான், "என்னம்மா, எதையோ மனசுல வச்சிக்கிட்டு இருக்கியே?" என்று கேட்டார். கையிலிருந்த கண்ணாடிச் சட்டம் நழுவி விழுந்து மூக்குப்பகுதி உடைந்தது. இவருக்குக்கூடத் தெரிகிறது. வேறு என்னென்ன வெளியே தெரிகிறது? யாருக்கெல்லாம்?

கண் மூடினால் போதும், மலரின் இடத்தில் அவளே நின்றாள். பந்து வருவது தெரியும். கையைத் தூக்க முடியாது. பிட்ச்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்டருக்கும் நடுவே மூன்று கார்களை நிறுத்தலாம், அவ்வளவுதான் தூரம். இத்தனை வருஷம் அதை ஒரு தூரமாகவே அவள் நினைத்ததில்லை. இப்போது பயிற்சிக்குப் போய் நின்றால், கார்த்திகாவின் கையுறை முகத்துக்கு நேரே இருப்பது போலிருந்தது. கார்த்திகாவும் பயிற்சியாளர் உஷாராணி டீச்சரும் அவள் வீசுவதைக் கைப்பேசியில் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் படம் பிடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாப் பந்தும் ஒரே மாதிரிதான் இருந்தது.

மலரைப் பார்க்க மருத்துவமனைக்கு இரண்டு முறை போய், இரண்டு முறையும் லிப்ட் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பினாள். மூன்றாம் முறை லிப்ட் கதவு திறந்து, உள்ளேயிருந்து மலரின் அம்மா பவுனம்மாள் வெளியே வந்தார். தப்ப வழியில்லை.

"நீ ஏன்டி வரல? அவ உன்னைத்தான் கேக்குறா. போ, போ. நான் போய் பார்லி தண்ணி வாங்கிட்டு வரேன்."

மலரின் தாடை இரண்டு இடங்களில் உடைந்திருந்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இடது கன்னம் ஊதி, கண்ணுக்குக் கீழே மஞ்சளும் கறுப்புமாகக் கிடந்தது. தாமரை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வா," என்றாள் மலர், பல்லைத் திறக்காமல். குரல் சுவருக்கு அப்பாலிருந்து வருவது போலிருந்தது. "பேசலாம். மெதுவா பேசினா புரியும்."

தாமரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அவளுங்களுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு மலர்," என்று சொன்னாள். "நான் என்ன போடப்போறேன்னு தெரிஞ்சிருக்கு. எங்க தப்புன்னு கண்டுபிடிக்க முடியல."

மலர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு வலது கையை இடது கைக்குள், பந்தும் கையுறையுமாக வைத்துக்காட்டினாள். வேகப்பந்து என்றால் கை அப்படியே இருந்தது. அடுத்ததாக, எதையோ உள்ளே திணிப்பது போல மணிக்கட்டைத் திருப்பினாள். அவளது வலது முழங்கை விலாவை விட்டு இரண்டு விரல் அளவு வெளியே வந்தது.

"மெதுபந்துன்னா உன் முழங்கை வெளிய வரும். முன்னாடிலேருந்து பாத்தா தெரியாது. என் பக்கத்துலேருந்து பாத்தாதான் தெரியும்."

தாமரை தன் முழங்கையைப் பார்த்தாள். "உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"ஸ்கூல்லேருந்து."

"ஏன் சொல்லல?"

"எனக்கு வசதியா இருந்துச்சு." மலர் எச்சிலைத் துணியால் ஒற்றிக்கொண்டாள். "உன் மெதுபந்த அவசரப்பட்டு அடிப்பாளுங்க. பந்து செத்துப்போய் என் பக்கம் உருளும். முழங்கை வந்துச்சுன்னா நான் முன்னாடியே ஓடிவந்துடுவேன். எல்லாரும் மலர் எவ்ளோ வேகம்னு சொல்வாங்க. நீ மாத்திட்டா எனக்குத் தெரியாம போயிடும்ல? அன்னைக்கும் ஓடிவந்தேன்."

ஓடிவந்ததால்தான் பந்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறாள்.

"தர்ட் பேஸ்கிட்ட அவங்க கோச் பிரவின் நிப்பாருல்ல," என்றாள் மலர். "அவரும் அதைத்தான் பாத்தாரு. வேகப்பந்துன்னா சும்மா உற்சாகப்படுத்துற மாதிரி 'ஜோம், ஜோம்'னு கத்துவாரு. முழங்கை வந்தா பேட்டர் பேர சொல்லி கூப்பிடுவாரு. என் காதுக்குப் பக்கத்துலதான் கத்துனாரு. எனக்கு அப்பப் புரியல. இங்க படுத்துக்கிட்டு யோசிச்சப்பதான் புரிஞ்சுது."

அது ஆட்டவிதிக்கு உட்பட்டதுதான். எதிராளியின் உடம்பு காட்டிக்கொடுப்பதைப் பார்ப்பது குற்றமில்லை. தாமரைக்கு அது தெரியும். தெரிந்ததில் ஓர் ஆறுதலும் இல்லை.

அந்த அணியோடு மறுபடி ஆடவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தாமரை முழங்கையை விலாவோடு ஒட்டவைக்கப் பார்த்தாள். ஒட்டவைத்தால் பந்து உள்ளங்கைக்குள் சரியாக உட்காரவில்லை. கார்த்திகாவின் தலைக்கு மேலே பறந்து வேலிக்கம்பியில் மோதியது. மறுபடி போட்டாள், காலடி மண்ணில் குத்தியது. முழங்கையை நினைக்க நினைக்க அது தன் கையே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. தர்ட் பேஸில் மலருக்குப் பதிலாகப் பாரா என்ற பெண் வந்திருந்தாள். பல்கலைக்கழக மாணவி, எதற்கும் சிரிக்கிறவள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் தாமரைக்கு மலரின் தாடை நினைவுக்கு வந்தது.

"மறைக்க வராதுன்னா விடு," என்றார் உஷாராணி டீச்சர். "எல்லாப் பந்துக்கும் முழங்கைய வெளிய எடு. வேகமோ மெதுவோ, ஒரே மாதிரி செய். அப்புறம் அவரு எதைப் பாத்து கத்துவாரு?"

எவ்வளவு எளிமையான யோசனை என்று எல்லாருக்கும் மகிழ்ச்சி. தாமரைக்கும் கை இலகுவாகிவிட்டது. வேகப்பந்துக்கு முழங்கையை விரிப்பது கடினமாக இல்லை. வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் மற்றொன்று தோன்றியது. பிரவின் முழங்கையைப் பார்ப்பார். மெதுபந்து என்று நம்பிப் பெயரைக் கூப்பிடுவார். அதை நம்பி மட்டை பிடிப்பவள் முன்னுக்குச் சாய்ந்து, முகத்தைக் கொடுத்துக் காத்திருப்பாள். வருவதோ வேகப்பந்து.

தண்ணீரை நிறுத்திவிட்டு ஈரத்தோடு அப்படியே நின்றாள்.

ஆட்டம் கிள்ளானில், பிற்பகலில். வானம் மூடிக் கிடந்தது. மழைக்கு முந்திய புழுக்கம். தாமரை பாராவைத் தனியாகக் கூப்பிட்டு, முகக்கூண்டு போடச்சொன்னாள். பிறகு, தர்ட் பேஸுக்குப் பின்னால் தள்ளியே நிற்கவேண்டும், என்ன ஆனாலும் முன்னே வரக்கூடாது என்று மலாயில் சொன்னாள். பாரா சிரித்தாள். தாமரை சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

"பந்து உருண்டு வந்தா, கக்?" என்று, மலாயில் அக்கா என்று விளித்துக் கேட்டாள்.

"உருளட்டும்."

முதல் இன்னிங்சில் ருக்கையா வந்து நின்றாள். சின்ன உருவம், அகலமான தோள். மட்டையால் தரையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தாமரையைப் பார்த்தாள். உடனே பார்வையை விலக்கிக்கொண்டாள். கார்த்திகா சைகை காட்டினாள்: வேகப்பந்து, உள்பக்கம், உயரமாக. அதாவது பேட்டரின் நெஞ்சுக்கும் கழுத்துக்கும் பக்கத்தில்.

வேண்டாம் என்று தாமரை தலையை ஆட்டியிருக்கலாம். வெளிப்பக்கம் போடுகிறேன் என்று காட்டியிருக்கலாம். அந்தக் கணத்தில் மலரின் கம்பி கட்டிய பற்கள் கண்முன் வந்தன. தாமரை ஒப்புக்கொண்டாள். பந்தைக் கையுறைக்குள் வைத்தாள். முழங்கையை வெளியே எடுத்தாள்.

"ருக்கையா!" என்று பிரவினின் குரல் வந்தது.

ருக்கையா சாய்ந்தாள். நினைத்த மாதிரியே, இடுப்பைப் பின்னுக்கு இழுத்து, தலையை நீட்டிக் காத்திருந்தாள். தாமரையின் கை சுழலத் தொடங்கிவிட்டது. இனி நிறுத்த முடியாது. பந்து விரலை விட்ட உடனே அவளுக்குத் தெரிந்தது, நினைத்ததைவிட உள்ளே போகிறது.

காதுக்கு மேலே ஹெல்மெட்டில் பட்டது. ஹெல்மெட் தனியே பறந்தது. ருக்கையா பக்கவாட்டில் விழுந்தாள்; மட்டை காலுக்கடியில் சிக்கிக்கொண்டது. அசையவில்லை.

தாமரை வீசிய இடத்திலேயே நின்றாள். "எழுந்திரு, எழுந்திரு, எழுந்திரு," என்று அவள் வாய் தானாக முணுமுணுத்தது. நடுவர் குனிந்தார். பிரவின் ஓடிவந்து மண்டியிட்டார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. கையிரண்டையும் நீட்டிக்கொண்டே இருந்தார், அந்தப் பெண்ணைத் தொட அவருக்குத் துணிவில்லை.

ருக்கையா முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். எத்தனை விரல் என்று நடுவர் கேட்டதற்குச் சரியாகச் சொன்னாள். முதலுதவிக்காரர் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வெளியே போய் உட்காரும்படி எல்லாரும் சொன்னார்கள். சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆடுகிறேன் என்று அவளே திரும்பி வந்தாள். தலைக்கு அடிபட்டவளை ஆடவிட்டிருக்கக் கூடாது என்று தாமரை பின்னால் பலமுறை நினைத்தாள். அப்போது நினைத்ததெல்லாம் ஒன்றுதான். அவள் எழுந்துவிட்டாள்.

அதன்பிறகு பிரவின் கத்தினார்தான், ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை. முழங்கையை நம்பாமல் அவர் ஊகித்து 'ஜோம்' என்றால் மெதுபந்து வந்தது, பெயரைக் கூப்பிட்டால் சில சமயம் வேகப்பந்து வந்தது. பெண்கள் அரை மனதோடு மட்டையை வீசினார்கள். கார்த்திகா உற்சாகத்தில் கையுறையைக் குத்திக்கொண்டே இருந்தாள். தாமரை உற்சாகப்படவில்லை. உள்பக்கம் சைகை வரும்போதெல்லாம் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, பேட்டரை விட்டு விலகிய வெளிப்பக்கத்துக்கே வீசினாள். ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் பாரா எங்கே நிற்கிறாள் என்று வலப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

கடைசி இன்னிங்சில், கிள்ளான் மட்டை பிடித்து முடித்த பிறகு, இரு அணியும் சமம். இரண்டு பேர் அவுட். தர்ட் பேஸில் அவர்களுடைய ஆள் ஒருத்தி ஓடத் தயாராக நின்றாள். மட்டை பிடிக்க வந்தவள் ருக்கையா.

தாமரை கையுறைக்குள் பந்தை வைத்தாள். பிரவின் வாயைத் திறப்பதற்குள், ருக்கையா மட்டையைத் தூக்கி நேரம் கேட்டாள். பிறகு தர்ட் பேஸ் பக்கம் திரும்பி, திடல் முழுவதும் கேட்கும்படி கத்தினாள்.

"கோச், கூப்பிடாதீங்க! ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்குத் தெரிய வேணாம்."

பிரவின் கைகளைக் கட்டிக்கொண்டார். யாரோ ஒருத்தர் சிரித்து, பாதியில் நிறுத்தினார்.

தாமரை அந்தப் பெண்ணை முதல்முறையாக நன்றாகப் பார்த்தாள். மட்டையைப் பிடித்திருந்த விரல்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தன. கீழுதட்டைக் கடித்திருந்தாள். அவளுக்கும் பயம். தன்னைப் போலவே, ஒருவேளை தன்னைவிடவும் அதிகமாகவே பயம். அது தாமரைக்குத் தைரியம் தரவில்லை.

கார்த்திகா மெதுபந்து கேட்டாள். தாமரை வீசினாள்.

ருக்கையாவுக்குத் தெரியவில்லை. வேகத்தை எதிர்பார்த்து முன்னதாகவே சுழற்றினாள். மட்டையின் நுனியில் பட்ட பந்து செத்துப்போய், தர்ட் பேஸ் பக்கம் மெல்ல உருண்டது. மலர் இருந்திருந்தால் முழங்கை அசைந்தபோதே ஓடிவந்து, பந்தை எடுத்து எறிந்து, சிரித்துக்கொண்டே திரும்பியிருப்பாள். பாரா தள்ளி நின்றிருந்தாள். சொன்னபடி பின்னாலேயே நின்றிருந்தாள். தாமதமாகத்தான் ஓடிவந்தாள். அவள் எறிந்த பந்து முதல் பேஸுக்குப் போய்ச் சேருமுன் ருக்கையா அதைக் கடந்துவிட்டாள்; தர்ட் பேஸிலிருந்து ஓடியவள் ரன் எடுத்துவிட்டாள். ஆட்டம் முடிந்தது. கிள்ளான் தோற்றது.

பாரா அழுதுகொண்டே வந்தாள். "ஏம்மா அவ்வளவு பின்னாடி நின்ன?" என்று உஷாராணி டீச்சர் கேட்டார்.

"நான்தான் நிக்கச் சொன்னேன் டீச்சர்," என்றாள் தாமரை.

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், "சரி, பையெல்லாம் எடுங்க. மழை வரப்போவுது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கார்த்திகாவுக்குக் கோபம், முகக்கூண்டைப் பைக்குள் எறிந்த சத்தத்திலேயே தெரிந்தது. தாமரைக்குத் தோற்றது வலிக்கத்தான் செய்தது. ஆனாலும், பாராவின் அழுத முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்பதை அவள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டாள்.

கார் நிறுத்துமிடத்தில் யாரோ பின்னாலிருந்து "அக்கா" என்றார்கள். ருக்கையா. பக்கத்தில் பார்த்தால் இன்னும் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். காது சிவந்து வீங்கியிருந்தது.

"அந்த அக்கா எப்படி இருக்காங்க?"

"வீட்டுக்கு வந்துட்டா. இன்னும் கம்பி எடுக்கல."

ருக்கையா தலையாட்டினாள். "மெதுபந்துதான்னு தெரிஞ்சதும் எனக்கு அன்னைக்கு அவ்ளோ சந்தோஷம் அக்கா. நல்லா தூக்கி அடிக்கலாம்னு நினைச்சேன். முன்னாடி ஒருத்தங்க நிக்கிறாங்கன்னு தோணவே இல்ல. அதுக்கப்புறம் தூக்கமே இல்ல. ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கீழேயே உக்காந்துட்டுப் போயிட்டேன்."

தாமரை கார்க் கதவில் கைவைத்தபடி நின்றாள்.

"இன்னைக்கு முதல் பந்து," என்றாள். "நீ சாய்வேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உள்ள போட்டேன். உன்மேல படணும்னு நினைச்சேனா இல்லையான்னு எனக்கே சொல்லத் தெரியல."

ருக்கையா காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கோபப்படுவாள் என்று தாமரை எதிர்பார்த்தாள். அவள் கேட்டது வேறு. "அவங்க வீடு பக்கத்துலயா? என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"முதல்ல கிளினிக். அந்தக் காதை டாக்டர் பாக்கட்டும். அப்புறம் போலாம்."

கிளினிக்கில் ஒன்றுமில்லை என்றார்கள். தலை சுற்றினாலோ வாந்தி வந்தாலோ உடனே வரவேண்டும் என்றார்கள். வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மலரின் அடுக்குமாடிக்குப் போனார்கள். மாடிப்படியில் பாதி ஏறிவிட்டு ருக்கையா நின்றாள்.

"அவங்க அம்மா திட்டுவாங்களா?"

"திட்டுவாங்க," என்றாள் தாமரை. "என்னையும்தான்."

கதவைத் திறந்தது மலர். வீக்கம் பாதி வடிந்திருந்தது. தாமரையைப் பார்த்தாள், அவளுக்குப் பின்னால் நனைந்து நிற்கும் பெண்ணைப் பார்த்தாள், அந்தப் பெண்ணின் சிவந்த காதைப் பார்த்தாள். யாரென்று சொல்லவேண்டியிருக்கவில்லை. ருக்கையா வாயைத் திறந்தாள். சொல் வருவதற்குள் அழுகை வந்துவிட்டது.

மலர் கதவைப் பிடித்தபடி அவளைப் பார்த்தாள். அடுத்து என்ன வரப்போகிறது என்று அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"உள்ள வா," என்றாள் மலர், பல்லைத் திறக்காமல். "வாசல்ல நின்னு அழாத. பக்கத்து வீட்டுல பாத்தா நான் அடிச்சிட்டேன்னு நினைப்பாங்க."

உள்ளேயிருந்து பவுனம்மாள், யாரடி அது என்று குரல் கொடுத்தார். மலர் திரும்பி, தலை துவட்ட இரண்டு துண்டுகள் எடுத்துவரச் சொன்னாள்.